தேய்க்கக் கூடாத இடம்

இரண்டு பேர் உட்காரும் தோல் சோபா ஒன்று வாசலில் மல்லாந்து கிடந்தது. அதை வேனில் ஏற்றிக்கொண்டு வந்த பல் டாக்டரின் மனைவி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவள்போல் தள்ளி நின்றாள்.

"என்ன போட்டீங்க?" என்று கேட்டாள் க்ரீம் அக்கா.

"ஒண்ணும் போடலையே. துடைச்சேன். அவ்வளவுதான்."

"துடைச்சதுக்கு இந்த வாசம் வராதுங்க. சமையல் எண்ணெய்தானே?"

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"ஒரு... டம்ளர் இருக்கும். தோல் காஞ்சு வெடிச்சுக்கிட்டே வந்துச்சு, பார்க்கப் பாவமா இருந்துச்சு. முதல்ல பளபளன்னுதான் இருந்துச்சுங்க. ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தா, உட்கார்ந்தவங்க எந்திரிச்சா சோபாவும் கூடவே எந்திரிக்குது."

க்ரீம் அக்கா சிரிக்கவில்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் வருகிறார்கள். வாங்கி இருபது வருஷம் ஏறெடுத்துப் பார்க்காமல் வெயிலில் காயவிட்டு, ஒரு நாள் திடீரென்று பாசம் பொங்கி ஒரு டம்ளர் எண்ணெயை ஊற்றுவார்கள். அந்த எண்ணெய் உள்ளே போய்க் கெட்டு, பிசினாகித் தூசியை இழுக்கும். பட்டினியில் சாகாத தோல்கூடப் பாசத்தில் செத்துவிடும்.

"பொழைக்குமா?" என்று கேட்டாள் டாக்டரின் மனைவி.

அதற்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தான். உள்ளேயிருந்து கையைத் துடைத்தபடி வந்தான், க்ரீம் அக்காவின் புருஷன். தொழிலில் அவனுக்குக் கட்டைவிரல் என்று பெயர். சோபாவின் முன் குந்தி, கைப்பிடியின் வளைவில் வலது கட்டைவிரலை வைத்து அழுத்தினான். அழுத்திய இடம் வெளுத்தது. விரலை எடுத்தான். வெளுப்பு அங்கேயே நின்றது, பிறகு மெல்லமெல்ல ஓரத்திலிருந்து நிறம் திரும்பி வந்தது. திரும்பினால் உள்ளே இன்னும் பசை இருக்கிறது. திரும்பாவிட்டால் அது தோல் இல்லை, காய்ந்த அட்டை.

"பொழைக்கும்," என்றான்.

டாக்டரின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க கைராசிங்க," என்றாள்.

அந்தக் கைராசிக்கு ஆன நேரம் ஒரு நிமிஷம். மீதிப் பதினோரு நாளும் அவன் மனைவியுடையது. சோளமாவைத் தூவி எண்ணெயை உறிஞ்ச விட்டுத் தட்டுவது, மறுபடி தூவுவது, மடிப்புகளுக்குள் தூரிகையை விட்டுப் பத்து வருஷத்துக் குப்பையை எடுப்பது, சோப்பு நுரையை மட்டும் துணியில் வழித்து, தண்ணீர் படாமல் துடைப்பது, நிழலில் ஒரு நாள் ஆறவிடுவது, அப்புறம் க்ரீம். தேன்மெழுகும் ஆட்டுரோமக் கொழுப்பும் காய்ச்சி அவளே செய்கிற க்ரீம். ஒரே தடவையில் அப்பக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாக ஒரு பூச்சு. அது உள்ளே இறங்க இரண்டு மணி நேரம். பிறகு துணியால் வட்டவட்டமாகத் தேய்த்துத் துலக்கிவிட்டு இன்னொரு பூச்சு. இத்தனையும் செய்தவள் க்ரீம் அக்கா. வெளியே பலகையில் இருந்தது அவன் பெயர்.

*

வீடும் வேலைக்கூடமும் ஒன்றுதான். முன்னறையில் நாற்காலிகள், நடுவில் சமையலறை, அதை ஒட்டிய பின்னறையில் கட்டில். கட்டிலில் கட்டைவிரலின் அப்பா. நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர், எல்லாருக்கும் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் நிற்காது.

"நாப்பது வருஷம் உட்கார்ந்தே பொழைச்சேன். இப்ப படுத்தே பொழைக்கிறேன்," என்பார். "நின்னு பொழைக்கத்தான் குடுத்து வைக்கல."

"நீங்க நின்னிருந்தா வண்டி எங்க போய் நின்னிருக்குமோ மாமா," என்பாள் மருமகள்.

அவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். ஒரு பக்கம், மல்லாந்து, மறு பக்கம். புரட்டாவிட்டால் இடுப்பெலும்பு, குதிகால், முதுகடி என்று எலும்பு அழுத்துகிற இடமெல்லாம் புண்ணாகும். ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியபோது எல்லாரும் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் மற்ற தலைகள் நின்றுவிட்டன.

அவள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பூச்சு இறங்க இரண்டு மணி, உடம்பு தாங்க இரண்டு மணி. ஒரு பூச்சுப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு உள்ளே போய் மாமனாரைப் புரட்டுவாள். திரும்பி வந்து துலக்கி, அடுத்த பூச்சு. மறுபடி கை கழுவி, மறுபடி புரட்டல். இரண்டு வருஷமாக அந்த வீட்டின் கடிகாரம் இதுதான். "மாமாவுக்கு ரெண்டு பூச்சு முடிஞ்சுது, கஞ்சி குடுக்கணும்" என்பாள். "மூணாவது பூச்சுக்கு மாத்திரை" என்பாள். வேலையின் இடுக்குகளில் நடந்ததால் அது வேலை என்றே யாருக்கும் தோன்றவில்லை. நாற்காலி துடைப்பவள் நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதுபோலத்தான் அவள் புருஷனின் கண்ணுக்குத் தெரிந்தது.

இரண்டு வருஷத்தில் டிரைவரின் முதுகில் ஒரு சின்னப் புண்கூட வந்ததில்லை. இதற்கு யாரும் கைராசி என்று பெயர் வைக்கவில்லை.

மழை விட்டு, உதட்டை வெடிக்க வைக்கும் வறண்ட காற்று தொடங்கிய வாரம் அந்தக் கடிதம் வந்தது. ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்த பெரிய நூலகத்திலிருந்து. வாசிப்புக் கூடத்தில் நாற்பது தோல் நாற்காலிகள், நூறு வருஷத்துக்கு மேல் பழையவை. கூடத்தை ஆறு வாரம் மூடப்போகிறார்கள். நாற்காலிகளை வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை, அங்கேயே வந்து செய்ய வேண்டும். போன வருஷம் நூலகர் தன் சொந்த நாற்காலி ஒன்றை இங்கே கொடுத்து வாங்கியிருந்தார். அப்போது வேலை செய்தது யார் என்று கவனித்திருப்பார்போல. கடிதம் பலகையில் இருந்த பெயருக்கு வரவில்லை. அவள் பெயருக்கு வந்திருந்தது.

அவள் அதை மூன்று முறை படித்தாள். கடைசியில் உறையின் மேல் எழுதியிருந்ததை மட்டும் இன்னொரு முறை படித்தாள்.

"நாப்பதா?" என்றான் புருஷன், முட்டையை ரொட்டிக்குள் வைத்துக்கொண்டே.

"நாப்பது. ஒரே தோல், ஒரே கை தைச்சது. இந்த மாதிரி ஒரு வேலை வாழ்க்கையில ஒரு தடவைதான் வரும்."

"போய்ப் பார்த்துட்டு வா. பார்க்கறதுல என்ன இருக்கு?"

"பார்த்துட்டுச் சரின்னு சொல்லிட்டு வரப்போறேன்."

"ஆறு வாரம், தினமும் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும்னா... எப்படி?"

அந்த 'எப்படி'க்குப் பின்னால் ஒரு கட்டில் இருந்தது. இரண்டு பேருக்கும் தெரியும்.

"எப்படின்னா? வீட்டுல நீங்க இருக்கீங்கல்ல."

"நான் இருக்கேன்," என்றான் அவன், யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல.

வியாழனும் வெள்ளியும் அவள் நூலகத்துக்குப் போனாள். நாற்காலிகளைப் பார்த்துக் குறிப்பெடுக்க ஒரு நாள், ஒன்றை முழுக்கச் செய்துகாட்ட ஒரு நாள். கிளம்பும்போது பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "மாமாவை மறந்துடாதீங்க. பூச்சுக்கு ஒரு தடவை. தெரியுமில்ல?"

"தெரியும், தெரியும். போ, பஸ் போயிடப் போகுது."

*

சனிக்கிழமை காலை வெந்நீரும் துணியுமாகப் பின்னறைக்குப் போனவள், டிரைவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துச் சட்டையை மேலே தூக்கினாள். தூக்கிய கையை அப்படியே நிறுத்தினாள்.

முதுகடியில், வால் எலும்புக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. சிவப்பின் நடுவில் நகக்கண் அளவுக்குத் தோல் உரிந்து நீர் கோத்திருந்தது. அதைச் சுற்றி முதுகு பளபளவென்று மின்னியது. துலக்கி வைத்த கைப்பிடி மாதிரி.

குனிந்து முகர்ந்தாள். தேன்மெழுகு.

கேட்க வேண்டிய கேள்வி எதுவும் பாக்கியில்லை. ஆனாலும் கேட்டாள். "மாமா, இங்க யாரு கை வச்சது?"

டிரைவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாக நிற்காத பேச்சு அன்றைக்கு நின்றுபோயிருந்தது.

அவள் சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தாள். பதினொரு மணிக்கு நர்ஸம்மா வந்தாள், ஸ்கூட்டரை வாசலில் நாற்காலிகளுக்கு நடுவில் சொருகிவிட்டு. அவள் பின்னாலேயே டிரைவரின் மகளும் வந்துவிட்டாள். கட்டைவிரலுக்கு அக்கா, வீட்டில் பெரியவள். மூன்று தெரு தள்ளி இருக்கிறாள். மாதம் இரண்டு முறை பழம் வாங்கிக்கொண்டு வந்து, அப்பாவின் தலையைத் தடவி, அழுதுவிட்டுப் போவாள். நர்ஸின் ஸ்கூட்டர் இந்தப் பக்கம் திரும்பியதை யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

நர்ஸம்மா கையுறையை மாட்டிக்கொண்டு பார்த்தாள். சிவப்பின் மேல் விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். சிவப்பு அசையவில்லை. குதிகாலில் இருந்த இன்னொரு சிவப்பில் அழுத்தினாள். அது வெளுத்து, பிறகு மெல்லச் சிவந்தது.

"காலு பரவாயில்ல. ரத்தம் ஓடுது. முதுகுலதான் அடி வாங்கியிருக்கு," என்றாள். "ரெண்டு நாளா திருப்பவே இல்லையா?"

நர்ஸம்மா கையுறை விரலை முகர்ந்து பார்த்தாள்.

"திருப்பாததுகூட அப்புறம். இதை யாரு தேய்ச்சது? சிவந்த இடத்தை இந்தத் தேய்ப்பு தேய்க்கலாமா? ஏற்கெனவே உள்ள நசுங்கிப் போயிருக்கு, அதும் மேல போட்டு உரசினா? என்னது இது, மெழுகா?"

"யாரு தேய்ப்பா? இவதான்," என்றாள் பெரியவள், முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டே. "இவதானே பார்த்துக்கறா. பார்த்துக்கற லட்சணத்தைப் பாருங்க. பெத்த அப்பனா இருந்தா இப்படி விட்டிருப்பாளா?"

"அண்ணி..."

"பேசாத. ரெண்டு நாளா ஊர் சுத்தப் போயிருந்தல்ல? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? ஏதோ லைப்ரரி நாற்காலியைத் துடைக்கப் போறாளாம் மகாராணி. செத்த மாட்டுத் தோலுக்கு இருக்கற மரியாதை எங்கப்பா தோலுக்கு இல்ல. ஆறு வாரம் போகப் போறியாமே? போ. போயிட்டு வரும்போது மாலை வாங்கிட்டு வா."

கட்டைவிரல் நிலைக்கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். க்ரீம் அக்கா அவனைப் பார்த்தாள். அவன் தன் கட்டைவிரலைப் பார்த்தான். அவள் கட்டிலைப் பார்த்தாள். டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறவரின் இமை அப்படித் துடிக்காது.

ஒரு வார்த்தை போதும். இரண்டு ஆண்களில் யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அந்த வார்த்தைக்கு ஏகப்பட்ட இடம் இருந்தது.

நர்ஸம்மா நாலு முகங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவள் தினம் பத்து வீட்டுக்குள் போய் வருகிறவள். உப்புத் தண்ணீரால் புண்ணைக் கழுவி, கட்டுப் போட்டு, கையுறையைக் கழற்றினாள்.

"யாரு செஞ்சாங்களோ, அவங்க கேட்டுக்கட்டும்," என்றாள் பொதுவாக. "செத்த தோலைத் தேய்க்கலாம், அதுக்கு நீங்கதான் எல்லாம் குடுக்கணும். உசுருள்ள தோலுக்கு அதுவே ரத்தம் குடுத்துக்கும். நீங்க அதும் மேலேருந்து நகர்ந்தா போதும். திருப்புங்க. தேய்க்காதீங்க. நாள் விட்டு நாள் நான் வந்து கட்டு மாத்தறேன்."

*

பெரியவள் போன பிறகு முன்னறையில் அவன் அவளிடம் வந்தான். பல் டாக்டரின் சோபா இன்னும் சோளமாவுக்குள் கிடந்தது.

"நீ பூச்சுக்கு ஒரு தடவைன்னுதானே சொன்ன?" என்றான்.

"ஆமா."

"நான் ரெண்டு நாளா பூச்சே போடலையே. நாற்காலிச் சட்டத்துக்கு ஆணி அடிச்சுட்டு இருந்தேன். பூச்சுப் போட்டாத்தானே ஞாபகம் வரும்?"

அவள் அவனையே பார்த்தாள். அவன் வேடிக்கை பேசவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நடந்திருக்கிறது. பூச்சு இல்லாததால் இரண்டு நாளும் அந்த வீட்டில் நேரமே ஓடவில்லை.

"நேத்து சாயங்காலம் சட்டை மாத்தும்போதுதான் பார்த்தேன். சிவந்து, காஞ்சு கிடந்துச்சு. பதறிப் போயிட்டேன். கையில இருந்தது அந்த டப்பாதான். நம்ம க்ரீம்தானே, சுத்தமானதுதானேன்னு... அரை மணி நேரம் தேய்ச்சேன். வட்டவட்டமா. நீ செய்வியே, அப்படியே. அப்பா வலிக்குதுன்னுகூடச் சொல்லல."

"உங்க கை அவர் மேல பட்டு எத்தனை வருஷமாச்சு? வலிக்குதுன்னு எப்படிச் சொல்லுவாரு?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "தப்புதான். மன்னிச்சுக்க."

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் காலையிலயே தெரியுமே, மோந்து பார்த்தேன். அண்ணிகிட்டச் சொல்லுங்க."

"அக்காகிட்டயா? அவளைத் தெரியுமில்ல. ஊரெல்லாம் தமுக்கடிப்பா. பெத்த அப்பனையே கொல்லப் பார்த்தான்னு..."

"அப்ப என் பேரு தமுக்குல போகலாம்?"

"அது... நீன்னா கொஞ்ச நாள்ல ஆறிடும்."

அவள் சோபா பக்கம் திரும்பினாள். தூரிகையை எடுத்து மாவைத் தட்ட ஆரம்பித்தாள். அவன் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கஞ்சி ஊட்டும்போது, நாலாவது கரண்டியை விழுங்காமலே டிரைவர் பேச ஆரம்பித்தார். பேச வாயைத் திறக்க வேண்டியிருந்ததால் கஞ்சி வழிந்தது.

"ஏம்மா. கோவமா?"

"வாயைத் துடைச்சுவிடறேன், அப்புறம் பேசுங்க."

"அவன்தான்னு சொன்னா பெரியவ அவனை உரிச்சுடுவா. அவனால தாங்க முடியாது. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். நீன்னா தாங்குவ."

அவள் துணியை மடித்து அவர் தாடையைத் துடைத்தாள். அழுத்தாமல், ஒற்றி.

"நாற்காலியும்தான் தாங்குது மாமா. மேல தோல் நல்லாத்தான் இருக்கும். ஒரு நாள் உட்காரும்போது பார்த்தா நேரா தரைக்குப் போயிடும். அப்புறம் தூக்கிப் பார்த்தா உள்ள ஒரு ஸ்பிரிங்கும் இருக்காது."

டிரைவர் வலது கையால் கரண்டியைத் தள்ளினார்.

"நீ எப்ப போற, லைப்ரரிக்கு?" என்றார்.

"நாளைக்கு."

"அவன் ஒத்துக்கிட்டானா?"

"நான் கேட்கல."

"ஹூம்," என்றார் டிரைவர். கஞ்சிக்காக வாயைத் திறந்தார்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு அவள் மாமனாருக்கு உடம்பு துடைத்து, துணி மாற்றி, வலப்பக்கம் புரட்டிவிட்டாள். முன்னறைச் சுவரில் தொங்கிய கடிகாரத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு எதிரே ஆணியடித்து மாட்டினாள். தூக்கத்திலிருந்து எழுந்து வந்த புருஷன் சுத்தியல் சத்தத்தில் நிலைகுலைந்து நின்றான்.

"எட்டு, பத்து, பன்னெண்டு, ரெண்டு, நாலு, ஆறு," என்றாள் அவனிடம். "பூச்சு கிடையாது. மணி."

"அக்கா வந்து கேட்டா நான் என்ன சொல்ல?"

"உங்க அக்கா. உங்க அப்பா. உங்க வாய்."

க்ரீம் டப்பாக்கள் ஆறையும் பையில் போட்டுக்கொண்டாள். ஒன்றைக்கூட வீட்டில் விடவில்லை.

*

நூலகத்தின் வாசிப்புக் கூடம் உயரமானது. ஜன்னல்கள் எட்டாத உயரத்தில் இருந்தன. மேற்கு ஜன்னலுக்குக் கீழே இருந்த நாற்காலிகள்தான் அதிகம் வெடித்திருந்தன. வெயில் நூறு வருஷமாக அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறது. முதல் வேலையாக அங்கே திரை போடச் சொன்னாள். ஒவ்வொரு நாற்காலியிலும், வெளியே தெரியாத அடிப்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். முப்பத்தேழு உறிஞ்சின. மூன்றில் தண்ணீர் முத்தாக உருண்டது. எவனோ இடையில் மேல்பூச்சு அடித்திருக்கிறான். அந்த மூன்றின் காலிலும் நூல் கட்டித் தனியே ஒதுக்கினாள். அவற்றுக்கு வேறு வைத்தியம்.

மத்தியானம் ரொட்டியும் வாழைப்பழமும். அதைத் தின்னும்போது எட்டு, பத்து, பன்னெண்டு என்று மனசு எண்ணும். எண்ணட்டும் என்று விட்டுவிடுவாள். சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போனதும் முதலில் மாமனாரின் முதுகைப் பார்ப்பாள். புண் பெருகவில்லை. இரண்டாம் வாரம் ஓரம் சுருங்கத் தொடங்கியது. புருஷன் சுவரோரம் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருப்பான். "இவ்வளவு கனம் கனக்கறாரே, நீ எப்படித் திருப்பின?" என்று ஒரு நாள் கேட்டான். "கையாலதான்," என்றாள், டாக்டர் வீட்டு சோபாவுக்குப் பூச்சுப் போட்டபடி.

பெரியவள் மட்டும் பார்க்கிற இடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த தெருக்காரி ஒருத்தி, "மாமனார் எப்படி இருக்கார்?" என்று கேட்ட தொனியிலேயே எவ்வளவு தூரம் பேசியிருக்கிறாள் என்று தெரிந்தது.

பதினாறாம் நாள் மத்தியானம் கூடத்தின் கதவு திறந்தது. நூலகர் என்று நினைத்து அவள் திரும்பவில்லை. செருப்புச் சத்தம் பாதியில் நின்றது.

"இவ்வளவும் நீயா?"

பெரியவள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, இருபுறமும் வரிசையாக நின்ற நாற்காலிகளின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள்போல முகம் வாடியிருந்தது.

"இன்னும் பதிமூணு இருக்கு அண்ணி. எப்படி வந்தீங்க? மாமாவுக்கு ஏதாவது...?"

"அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கார். என்னைப் பார்த்ததும் பழம் புளிக்குதுன்னார்."

க்ரீம் அக்கா துணியை எடுத்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். வட்டவட்டமாக. பெரியவள் கொஞ்சம் பேசாமல் இருந்தாள். அது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

"நேத்து வீட்டுக்குப் போயிருந்தேன்," என்றாள் கடைசியில். "சோபா எடுத்துட்டுப் போக அந்த டாக்டர் வீட்டம்மா வந்திருந்தாங்க, பக்கத்து வீட்டுக்காரியும் இருந்தா. நான் சொன்னேன், பாருங்க என் தம்பியை, ஆம்பளப் பிள்ளை, ஒத்தை ஆளா அப்பாவுக்கு எல்லாம் செய்யறான், எந்த வீட்டுல நடக்கும் இதுன்னு. ரெண்டு பேரும் ஆகா ஓகோன்னாங்க. தெய்வம்னாங்க."

"ரெண்டு வாரத்துலயா?"

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சொல்லுங்க."

"அவன் அப்பாவைத் திருப்பிட்டிருந்தான். அப்படியே நின்னுட்டான். 'போதும்க்கா'ன்னான். 'வெக்கமா இருக்கு, நிறுத்து'ன்னான். 'அந்தப் புண்ணே நான் பண்ணினது. திருப்பாம விட்டது நான், தேய்ச்சதும் நான். அவ வீட்டுலயே இல்ல'ன்னான். எல்லார் முன்னாடியும். எனக்கு எங்க மூஞ்சியை வச்சுக்கறதுன்னு தெரியல."

துணி நின்றது. அவள் அதை உதறி, அழுக்குப் பக்கத்தை உள்ளே வைத்து மடித்தாள்.

"என்னைத் திட்டினப்ப திறக்காத வாய். அவரைப் புகழ்ந்ததும் திறந்துடுச்சாக்கும்," என்றாள்.

பெரியவள் அதைத் தம்பிக்காகச் சமாளிக்க முயலவில்லை. பையின் வாரை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"நீ ஏன் அன்னைக்கே சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா நான்..."

மேலே காற்றில் திரை ஒரு முறை உப்பி அடங்கியது. பெரியவள் அந்த நாளைத் தனக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்போல.

"நம்பியிருக்க மாட்டேன்," என்றாள்.

அவள் வாயிலிருந்து க்ரீம் அக்கா மருமகளாகி வந்த இந்தப் பதினோரு வருஷத்தில் வந்த பேச்சில் இது ஒன்றுதான் எந்தப் பக்கமும் சாயாமல் நேராக வந்தது. க்ரீம் அக்கா முதல் முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். நாத்தனாரின் கால் வீங்கியிருந்தது. மூச்சு இரைத்தது. அவளுக்கும் வயதாகிக்கொண்டிருந்தது.

"ஒரு மணி நேரம் பஸ்ஸுல நின்னே வந்தேன்," என்றாள் பெரியவள், பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு. "இதுல கொஞ்சம் உட்காரட்டுமா?"

"கையை எடுங்க அண்ணி. இப்பத்தான் பூசியிருக்கு. காயல."

பெரியவள் கையை வெடுக்கென்று எடுத்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள், முகர்ந்தாள். எதிர் வரிசையைப் பார்த்தாள்.

"அது?"

"அதுவும்தான். இங்க எதுலயும் இன்னைக்கு உட்கார முடியாது."

வேறொரு நாளாக இருந்தால் பெரியவள் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பாள். வாசல் வரைக்கும் பேசிக்கொண்டே போயிருப்பாள், தெருமுனை வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பாள். பையைத் தரையில் வைத்தாள். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே, எதிலும் படாமல், முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"சரி, நிக்கிறேன்," என்றாள்.

நின்றாள்.